மிஞ்சிய பாலாடைக்கட்டி கெடாமல் இருக்க



இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ விதை நேர்த்தியைப் பற்றியோ பேசப் போவதில்லை. நம் கொட்டகையில் கறக்கிற பாலைப் பற்றியும், அந்தப் பாலைத் திரித்து எடுக்கிற பாலாடைக்கட்டியைப் பற்றியும் பேசப் போகிறேன். பாலாடைக்கட்டி என்றதும், 'அது பட்டணத்துப் பண்டமாச்சே, நமக்கு எதுக்கு?' என்று நினைத்துவிடாதீர்கள். பனீர் என்கிறார்களே, கல்யாணப் பந்தியில் பட்டாணியோடு சேர்த்துக் குருமா வைக்கிறார்களே, அதுவும் ஒரு வகைப் பாலாடைக்கட்டிதான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக் கிராமப் பந்திகளிலும் இப்போது அது வந்துவிட்டது. நம் பெண்களில் பலர் அதைச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் செய்தது மிஞ்சிப் போனால் எப்படி வைப்பது என்பது பலருக்குத் தெரியவில்லை. அது தெரியாததால் நட்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த நட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். வேப்பந்தட்டை பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவுக்குப் பனீர் செய்முறை விளக்கம் நடத்தினேன். எட்டுப் பெண்கள். எல்லார் வீட்டிலும் கலப்பின மாடு உண்டு. நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதமே ஒரு கல்யாண வீட்டில் 10 கிலோ பனீர் கேட்டார்கள். சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலை நிறுத்தி, அக்கம்பக்கத்திலும் வாங்கி, 65 லிட்டருக்கு மேல் காய்ச்சி, 10 கிலோ எடுத்துவிட்டார்கள். கொண்டுபோன இடத்தில் சமையல்காரர், '6 கிலோ போதும்' என்று சொல்லிவிட்டார். மீதி 4 கிலோ வீடு திரும்பியது.

அதைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, குழுத்தலைவி வீட்டு பிரிட்ஜில் வைத்தார்கள். இட்லி மாவு, பூ, மீன் குழம்பு எல்லாம் இருக்கிற பிரிட்ஜ் அது. அன்று சாயந்திரம் மின்சாரம் வேறு போய்ப் போய் வந்தது. மறுநாள் புளிச்ச வாடை. மூன்றாம் நாள் தொட்டால் வழவழப்பு. 'வறுத்துட்டா சரியாயிடும்' என்று ஒரு வீட்டில் எண்ணெயில் பொரித்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் வாந்தி. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்ல வேளை, பிள்ளை பிழைத்துக்கொண்டது. மீதிப் பனீர் குப்பைக் குழிக்குப் போயிற்று. ஏறக்குறைய 27 லிட்டர் பால், பெருமக்களே!

அடுத்த வாரம் நான் போனபோது ஒரு தாயார் கேட்டார்: 'சார், செய்யறதைச் சொல்லிக் குடுத்தீங்க. வைக்கறதைச் சொல்லிக் குடுக்கலையே?' எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றையப் பேச்சு.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

நம் பகுதியில் சின்ன வெங்காயம் போடாத ஊர் குறைவு. அறுவடையானதும் தாளோடு பட்டறை போட்டு, காற்றாட வைத்து, விலை வரும்வரை காத்திருக்கிறோம். வெங்காயம் ஏன் தாங்குகிறது? மேல்தோல் காய்ந்து கவசமாக நிற்கிறது. ஈரம் உள்ளே போகாமல் காற்று சுற்றி வருகிறது. அதே வெங்காயத்தை உரித்து நறுக்கி வையுங்கள், எத்தனை நாள் தாங்கும்?

பனீர் என்பது உரித்து நறுக்கிய வெங்காயத்தைப் போன்றது. அதற்குத் தோல் இல்லை. 100 கிராம் பனீரில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சாதாரணப் பனீரில் 60 சதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர விதி. மீதியில் கொழுப்பும் புரதமும். புளிப்பும் அதிகமில்லை, உப்பும் இல்லை. ஈரமும் சத்தும் ஒரே இடத்தில் இருந்தால் கிருமிக்கு அதைவிட விருந்து வேறென்ன வேண்டும்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் கோடைச் சூட்டில், வசதியான இடம் கிடைத்தால், ஒரு கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், ஒரு மணி நேரத்தில் எட்டு. மூன்று மணி நேரத்தில் 512. ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல்! காலையில் செய்து வெளியே வைத்த பனீரில் மத்தியானத்துக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்ஜில் வைத்தால் கிருமி சாவதில்லை. பெருகுவது மட்டும் மெதுவாகிறது. ஆகவே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பனீரின் ஆயுசைத் தீர்மானிப்பது பிரிட்ஜ் அல்ல. பாலைத் திரித்த முதல் இரண்டு மணி நேரத்தில் நம் கையும், துணியும், தண்ணீரும் எப்படி இருந்தன என்பதுதான் தீர்மானிக்கிறது. அழுக்கோடு உள்ளே போனது அழுக்கோடுதான் வெளியே வரும்.

முதல் இரண்டு மணி நேரம்

செய்முறையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வைப்பதற்கான வேலை அதிலேயே தொடங்குகிறது.

பசும்பால் 10 லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ பனீர் கிடைக்கும். எருமைப் பாலில் கொழுப்பும் திடப்பொருளும் கூடுதல். 10 லிட்டருக்கு 2 கிலோ வரை வரும். கறந்த பால் புளிக்கத் தொடங்குமுன் காய்ச்ச வேண்டும். 'பழைய பாலைத்தானே திரிக்கிறோம்' என்று காலைப் பாலைச் சாயந்திரம் வரை வெளியே வைத்துக் காய்ச்சாதீர்கள். நல்ல பாலில்தான் நல்ல பனீர்.

பால் பொங்கி வரும்வரை காய்ச்சுங்கள். பிறகு இறக்கி வைத்து, ஆவி சற்று அடங்கி 75 முதல் 80 டிகிரி அளவுக்கு வரட்டும். 10 லிட்டர் பாலுக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பை 2 லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் சிட்ரிக் அமிலம் என்கிறோம். உணவுக்கு உபயோகிக்கும் தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். பால் திரிந்து, பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் பிரிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். கரைசல் மீதியிருந்தால் இருக்கட்டும். அதிகம் ஊற்றினால் பனீர் புளிக்கும், கடினமாகும். ஐந்து நிமிஷம் அசையாமல் விட்டு, மல் துணியில் வடிகட்டி, துணியோடு மடித்து, மேலே இரண்டு மூன்று கிலோ கனம் வைத்து 15, 20 நிமிஷம் அழுத்துங்கள்.

இப்போதுதான் கவனம் வேண்டும். அதுவரை கொதித்த சூட்டில் கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிட்டன. இனி அதில் வந்து சேருகிற கிருமியெல்லாம் நாம் கொடுப்பதுதான்.

அந்தக் குழுவில் நான் பின்னால் விசாரித்தபோது தெரிந்தது என்ன? வடிகட்டிய துணி முந்தின நாள் அலசிக் கொடியில் போட்டது. குளிரவைக்க ஊற்றிய தண்ணீர் நேரே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பிடித்தது. வெட்டிய கத்தி காய்கறி நறுக்கிய கத்தி. ஒரு பெண்ணுக்கு விரலில் புண். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். எல்லாம் சேர்ந்து 4 கிலோவைக் குழிக்கு அனுப்பிவிட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மல் துணியை ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள். வேலை முடிந்ததும் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். கத்தி, பலகை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். மரப்பலகை வேண்டாம், அதன் கீறலில் ஈரம் தங்கும். எவர்சில்வர் தட்டே போதும். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். கையில் புண், கட்டி உள்ளவர்களும், பேதி, சளி உள்ளவர்களும் அன்று அடுப்பு வேலையை மட்டும் பார்க்கட்டும், பனீரைத் தொட வேண்டாம்.

குளிரவைக்கும் தண்ணீரை முதல் நாளே கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தி எடுத்த பனீரைத் துண்டு போட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் மூழ்க வையுங்கள். உள்ளே இருக்கிற சூடு முழுவதும் இறங்க வேண்டும். ஐஸ் வாங்கினால் அதைத் தண்ணீருக்குள் போடாதீர்கள். மீன் வண்டிக்கு உடைக்கிற ஐஸும் கடை ஐஸும் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்குத் தெரியும்? ஐஸை வெளிப் பாத்திரத்தில் போட்டு, அதற்குள் பனீர்ப் பாத்திரத்தை வையுங்கள்.

சூடு ஆறாத பனீரைப் பாலிதீன் பையில் கட்டினால் என்ன ஆகும்? பைக்குள் வியர்க்கும். அந்த வியர்வை நீரில்தான் வழவழப்புத் தொடங்குகிறது. ஆறியபின் கட்டு என்பது சோற்று மூட்டைக்கு நம் பாட்டிமார்கள் சொன்ன விதிதான். பனீருக்கும் அதே விதி.

மிஞ்சியதை மூன்றாகப் பிரியுங்கள்

மிச்சம் கைக்கு வந்ததும், எப்போது உபயோகப்படும் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். பந்தியில் பரிமாறிய பாத்திரத்திலிருந்தோ, குருமாவில் போட்டோ மிஞ்சியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சமைக்காத, கை படாத பனீரை மட்டும் சொல்கிறேன். அதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

முதல் வகை, மூன்று நாளைக்குள் தீர்ந்துவிடும் என்பது. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் பனீரைப் போட்டு, அது மூழ்கும்வரை கொதித்து ஆறிய குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, பிரிட்ஜில் வையுங்கள். தினம் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். எங்கள் அப்பாயி வெண்ணெயை மண் கலயத்தில் தண்ணீருக்குள் போட்டு, உறியில் தொங்கவிடுவார். விடிந்தால் முதல் வேலை அந்தத் தண்ணீரை மாற்றுவது. காற்றுப் படாமல் இருக்கத் தண்ணீர், புளிக்காமல் இருக்கத் தினமும் புதுத் தண்ணீர். அதே முறைதான் இங்கேயும். பனீரை 10 டிகிரி குளிரில் வைத்தால் ஆறு நாள்வரை தாங்கும், ஆனால் மூன்று நாளுக்கு மேல் புதுசின் ருசி போய்விடும் என்பது பால்வள ஆராய்ச்சியில் கண்டது. 4, 5 டிகிரி இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் வகை, ஒரு வாரம், பத்து நாள் வைக்க வேண்டும் என்பது. அதற்கு உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, குளிரவைத்தபின் பனீரை அதில் மூழ்க வைத்து பிரிட்ஜில் வையுங்கள். ஒரு துண்டும் மேலே தலை நீட்டக் கூடாது. நீட்டிய இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஆராய்ச்சிக் கூடத்தில் இப்படி வைத்த பனீர் 20 நாள்வரை தாங்கியிருக்கிறது. ஆனால் நம் வீட்டு பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் அல்ல. குழந்தைகள் பத்துத் தடவை கதவைத் திறப்பார்கள், மின்சாரமும் போகும். 10 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமைக்குமுன் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு இறங்கிவிடும்.

மூன்றாம் வகை, மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்பது. மேலே உள்ள உறைபெட்டியில் வைக்கலாம். ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகத் துண்டு போட்டு, ஈரத்தைத் துணியில் ஒற்றி, தனித்தனிப் பையில் காற்றில்லாமல் கட்டி, தேதி எழுதி வையுங்கள். எடுத்த பின் பழைய மென்மை இருக்காது. உள்ளே உறைந்த நீர் கட்டியைப் பிளந்துவிடும், உதிரும். அதனால் குருமாவுக்குத் துண்டாகப் போடாமல், உதிர்த்துப் பொரியலுக்கோ சப்பாத்திக்குள் வைக்கவோ உபயோகியுங்கள். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

பிரிட்ஜிலும் இடம் பார்த்து வையுங்கள். கதவுத் தட்டுத்தான் அதிகச் சூடான இடம். உள்ளே, பின்பக்கம், கீழ்த்தட்டில் வையுங்கள். மீன், கறி இருந்தால் அவற்றுக்கு மேல் தட்டில் பனீர் இருக்க வேண்டும்; அதன் சாறு இதில் சொட்டக் கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத பிரிட்ஜ் நாலு மணி நேரம்வரை குளிரைப் பிடித்துவைக்கும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? அன்றன்றே தீர்ப்பதுதான் நல்லது. இரண்டு மண்பானைக்கு நடுவில் ஈர மணல் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி வைக்கிற முறை உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நம் கரிசல் காட்டுக் கோடைக் காற்று வறண்டது. அதில் அந்தப் பானை நன்றாகவே குளிரும். ஆனால் அது காய்கறிக்குத் தோது. பனீரைச் சில மணி நேரம் காப்பாற்றும், ஒரு ராத்திரிக்கு மேல் அதை நம்பாதீர்கள். ஐப்பசி கார்த்திகை ஈரக் காற்றில் அந்தப் பானை குளிரவே குளிராது.

கடையில் வாங்கிய பாலாடைக்கட்டி

பட்டணத்திலிருந்து வருகிற பிள்ளைகள் டப்பாவிலும் அட்டையிலும் சீஸ் வாங்கி வருகிறார்கள். கொடைக்கானலுக்குப் போனவர்கள் அங்கே செய்கிற கெட்டிப் பாலாடைக்கட்டியைக் கொண்டு வருகிறார்கள். இவற்றில் ஈரம் குறைவு, உப்பு உண்டு. அதனால் பனீரைவிட அதிக நாள் தாங்கும். ஆனால் பிரித்தபின் கவனம் வேண்டும். வெட்டிய முகத்தில் வெண்ணெய்க் காகிதத்தை ஒட்டிச் சுற்றி, அதற்கு மேல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வெறுமனே வைத்தால் காய்ந்து வெடிக்கும், பிரிட்ஜில் உள்ள பூண்டு வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். தகர டப்பாவில் வந்ததைத் திறந்தபின் அதிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

கெட்டிப் பாலாடைக்கட்டியில் ஓரத்தில் பூஞ்சணம் கண்டால், அதைச் சுற்றி ஓர் அங்குலம் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மீதியை உபயோகிக்கலாம். கத்தி பூஞ்சணத்தில் படாமல் வெட்ட வேண்டும். பனீரில் அந்தச் சலுகை கிடையாது. அது ஈரமானது, மேலே ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே வேர் ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

உப்பு, வெயில், புகை

பிரிட்ஜ் வராத காலத்தில் பாலாடைக்கட்டியை எப்படி வைத்தார்கள் என்று கேட்பீர்கள். இமயமலைப் பக்கம் சுர்ப்பி என்று ஒன்று உண்டு. அதில் கெட்டி வகையைக் கல் போலக் காயவைத்து, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்து, வாயில் ஒதுக்கிச் சுவைப்பார்கள். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரைப் பண்டெல் என்ற ஊரின் பெயரால் ஒரு பாலாடைக்கட்டி உண்டு. உப்புப் போட்டுப் புகையூட்டி வைப்பார்கள். மும்பை, குஜராத் பக்கத்துப் பார்சி மக்கள் சின்னக் கூடைகளில் உறையவைத்து, பிரிந்த நீரிலேயே மிதக்க விடுவார்கள். கிரேக்க நாட்டில் ஃபெட்டாவை உப்புத் தண்ணீரில் வைக்கிறார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதுசா, பெருமக்களே? கருவாட்டுக்கு உப்பு, வெயில். மோர் மிளகாய்க்கு உப்பு, புளிப்பு, வெயில். உப்புக்கண்டம், வற்றல், வடகம் எல்லாம் அதே வித்தை. ஈரத்தை எடு, அல்லது ஈரத்தை உப்பாக்கு என்பதுதான் சூத்திரம். ஆனால் அதற்காகப் பனீரை மொட்டை மாடியில் காயப் போட்டுவிடாதீர்கள். வடகம் போல அது ஒரு நாளில் காயாது. காய்வதற்கு முன்பே கெட்டுவிடும்.

கெட்டதைக் கண்டுபிடிப்பது எப்படி?

நல்ல பனீர் வெள்ளையாக, லேசான பால் மணத்தோடு, தொட்டால் மெத்தென்று இருக்கும். மஞ்சள் பூத்தால், புளிச்ச வாடையோ கசப்போ வந்தால், விரலில் வழவழத்தால், பச்சை, கறுப்பு, சிவப்புப் புள்ளி தெரிந்தால், வைத்த தண்ணீர் கலங்கி நூல் விட்டால், அது முடிந்துவிட்டது. ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

கொதிக்கவைத்தால், பொரித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. சூட்டில் கிருமி சாகும், வாஸ்தவம். ஆனால் நம் தோலிலும், மூக்கிலும், சீழ் பிடித்த புண்ணிலும் இருக்கிற ஒருவகைக் கிருமி, பெருகும்போதே ஒரு நஞ்சை விட்டுவைக்கிறது. கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதியில் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி வரும். கள்ளன் போய்விட்டான், அவன் கலந்த விஷம் குடத்திலேயே இருக்கிறது என்கிற கதைதான். பொரித்துக் கொடுத்த அந்தக் குழந்தைக்கு ராத்திரி வாந்தி வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவர்கள் இருக்கிற வீட்டில் சந்தேகமான பண்டத்தைச் சமையலுக்கே எடுக்காதீர்கள். கெட்டதை மாட்டுக்கும் நாய்க்கும் போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

மிச்சமே விழாமல் பார்ப்பது

வைக்கிற வித்தையைவிட, மிஞ்சாமல் செய்கிற வித்தை மேல். ஆர்டர் எடுக்கும்போது எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள், முன்பணம் வாங்குங்கள். வேண்டிய பாலை மட்டும் காய்ச்சுங்கள், மீதியைச் சொசைட்டிக்கு ஊற்றிவிடுங்கள். காலையும் மாலையும் பால் எடுக்க ஆள் இருக்கும்போது, அதைத் திரித்துவிட்டு அப்புறம் விலை தேடுவது புத்திசாலித்தனம் இல்லை.

பால் ஊற்ற முடியாத நாளும் வரத்தான் செய்யும். அன்று பனீருக்கு ஆள் இல்லையென்றால், தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுத்து நெய்யாக உருக்கிவிடுங்கள். வெண்ணெயில் இருக்கிற தண்ணீர் முழுவதும் போய், சலசலப்பு அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும்போது முருங்கை இலையைப் போட்டு இறக்குகிறோமே, அந்த நெய்யில் ஈரம் அரைச் சதத்துக்கு மேல் இருக்காது. ஈரமில்லாத இடத்தில் கிருமிக்கு என்ன வேலை? காய்ந்த பாத்திரத்தில் வடிகட்டி, ஈரக் கரண்டி போடாமல் மூடி வைத்தால் பிரிட்ஜே இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். கெடாமல் வைக்க நம் முன்னோர் கண்ட சிறந்த வழி அதுதான்.

பனீர் பிரிந்த தண்ணீரையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். பாலில் உள்ள சர்க்கரையும் கொஞ்சம் புரதமும் அதில் இருக்கிறது. அன்றே சப்பாத்தி மாவு பிசையலாம், கூழுக்கு ஊற்றலாம். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கலாம். ஒரேயடியாக ஊற்றினால் வயிறு கெடும்.

விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் செய்த தேதியும், எத்தனை நாளைக்குள் உபயோகிக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். பயிற்சி வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்தார் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தார் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள்.

அந்த மகளிர் குழு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் அடுப்பே மூட்டவில்லை. நான் மறுபடி போய், இந்தத் தடவை செய்வதை விட்டுவிட்டு, வைப்பதை மட்டும் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். குழுத்தலைவி வீட்டு பிரிட்ஜில் கீழ்த்தட்டு முழுவதும் இப்போது பனீருக்கு மட்டும். துணி கொதிக்கவைக்கத் தனிக் குண்டான். டப்பா மூடியில் தேதி எழுதிய காகிதம். என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தாயார்தான் இப்போது புதுசாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். முதலில் வைக்கிறதைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் செய்கிறதைச் சொல்கிறார்.

மறக்காமல் ஆறு விஷயம்: கொதித்த துணி, கொதித்து ஆறிய தண்ணீர், சூடு ஆறியபின் மூடி, மூன்று நாளுக்கு நல்ல தண்ணீர், பத்து நாளுக்கு உப்புத் தண்ணீர், சந்தேகம் வந்தால் குழி. வாய் பேசாத ஜீவன் இரண்டு வேளையும் நின்று கொடுத்த பால் அது. அதில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. அதனால் ஒரு குழந்தையும் படுக்கக் கூடாது.